மாசிக்காய் மரம்

லண்டன் டூட்டிங்கில் நாங்கள் போகும் தமிழ்க் கடையில் பருப்புக்கும் ஊதுவத்திக்கும் நடுவில் ஓர் அலமாரி உண்டு. சுக்கு, சித்தரத்தை, அதிமதுரம், வசம்பு என்று நாட்டு மருந்துச் சாமான்கள் அங்கே சின்னச் சின்ன பாலித்தீன் பைகளில் தொங்கும். போன சனிக்கிழமை கடலைப்பருப்பு தேடப் போன கையில் மாசிக்காய்ப் பை தட்டுப்பட்டது. கோலிக்குண்டு அளவில், சாம்பலும் பச்சையும் கலந்த நிறத்தில், மேலெல்லாம் முண்டு முண்டாக நாலைந்து காய்கள். மாசிக்காய்க்கென்று பெரிதாக வாசனை கிடையாது. பக்கத்தில் தொங்கிய வசம்பின் நெடி அதில் ஏறியிருந்தது, அது போதுமாக இருந்தது. அந்தக் காலத்து எங்கள் சமையலறை, உரைகல்லோடு தரையில் உட்கார்ந்திருக்கும் அம்மா, வேலிக்கு அந்தப் பக்கம் பூவாளியோடு நிற்கும் கிழவர், எல்லோரும் வந்துவிட்டார்கள்.

கிழவர் ஓய்வுபெற்ற தபால்காரர். கிங்ஸ்டன் பக்கம் நடுச்சுவர் ஒன்றேயான இரட்டை வீட்டில் ஒரு பாதி அவருடையது, மறுபாதியை நாங்கள் வாங்கினோம். குடிவந்த வாரமே வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தேன். வெள்ளைக்காரர் தோட்டம் என்றால் புல்தரையும் ரோஜாவும் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அங்கே புல்லே இல்லை. பழைய பலகைகளைப் படிபோல அடுக்கி, மேலே தட்டையான தொட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு முழத்துக்கு மிகாத மரம். அவற்றைச் செடி என்று சொல்ல முடியாது. அடி பருத்து, பட்டை வெடித்து, பாதிக் கிளை பட்டுப்போனது உட்பட எல்லாம் மரத்துக்குரிய லட்சணம். போன்சாய் என்றால் ஜப்பானியப் பைன் என்றே நினைத்திருந்தேன். இவர் வளர்த்தது அத்தனையும் இந்த மண்ணின் மரங்கள்: ஹாதார்ன், ஃபீல்டு மேப்பிள், எல்லாவற்றையும்விட அதிகமாக ஓக்.

இந்த நாட்டுக்காரர்களுக்கு ஓக் மேல் ஒரு பித்து உண்டு. பழைய கட்டடங்களையும் கடற்கரைகளையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்டின் சின்னம் ஓக் இலை. 1987-இலும் 1992-இலும் அடித்த ஒரு பவுண்டு நாணயத்தின் பின்பக்கம் இங்கிலாந்துக்காக நிற்பது ஓக் மரம். கடற்படைத் தளபதி நெல்சனின் விக்டரி கப்பலைக் கட்ட ஏறக்குறைய 6,000 மரங்களை வெட்டினார்கள், பெரும்பகுதி ஓக். கிழவருக்கு மிகவும் பிடித்த கதையும் அந்தக் கப்பற்படையைச் சேர்ந்ததுதான். டிரஃபால்கர் போரில் நெல்சனுக்கு அடுத்த நிலையில் இருந்த தளபதி காலிங்வுட், விடுப்பில் ஊருக்கு வரும்போதெல்லாம் சட்டைப்பை நிறைய ஓக் கொட்டைகளோடு நடக்கப் போவாராம். வேலி ஓரத்தில் தோதான இடம் கண்டால் குனிந்து ஒன்றை அழுத்திவிட்டு நடப்பாராம், நாளைய கப்பல்களுக்கு மரம் வேண்டும் என்று. அவை வெட்டும் பருவத்துக்கு வருவதற்குள் கப்பல்கள் இரும்புக்கு மாறிவிட்டன. இந்த இடத்தில் கிழவர் சிரிக்கத் தவறியதில்லை.

தபால் பையோடு தெருத்தெருவாக நடந்த காலத்தில் தானும் காலிங்வுட்தான் என்பார். அக்டோபர் வந்தால் சீருடைப் பை கனக்கும். ரிச்மண்ட் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. 1637-இல் முதலாம் சார்லஸ் மான் வேட்டைக்காகச் சுவர் எழுப்பி வளைத்த இடம், சுவரைவிட வயதான ஓக்குகள் இன்றும் உள்ளே நிற்கின்றன. ஆனால் அங்கே கொட்டை பொறுக்கக் கூடாது. குளிர்காலத்துக்கு முன் மான்கள் கொழுப்பேற்றிக்கொள்வது அதைத் தின்றுதான். கிழவர் அந்த விதியை மீறமாட்டார். நடைபாதை ஓக்கின் அடியில், கார்ச் சக்கரம் நசுக்குவதற்குள் எடுப்பதோடு சரி.

மகள் பிறந்தது அப்படியோர் அக்டோபரில். பிரசவம் பார்க்க அம்மா கும்பகோணத்திலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருந்தாள். குழந்தையைப் பார்க்க வந்த அண்டை வீட்டார் ஆளுக்கொரு பொம்மையும் பூங்கொத்தும் கொண்டுவந்தார்கள். கிழவர் கொண்டுவந்தது ஒரு காகிதப் பை நிறைய ஓக் கொட்டை. தெருவில் எந்தக் குழந்தை பிறந்தாலும் அந்த வருடத்துக் கொட்டை ஒன்றை அதன் பேரில் போட்டுவைப்பது அவர் வழக்கம். நான் "அம்மா" என்று கூப்பிடுவதைக் கேட்டு அதுதான் பெயர் என்று எண்ணி, அவரும் என் அம்மாவை "அம்மா" என்றே கூப்பிட்டார். அவரைவிட நாலைந்து வயது இளைய அம்மாவுக்கு அதில் மகா திருப்தி.

எங்கள் பின்வாசலிலேயே வேலை தொடங்கியது. ஒரு வாளித் தண்ணீரில் கொட்டைகளைக் கொட்டினார். மிதந்ததெல்லாம் தள்ளுபடி. சிலவற்றில் ஊசி குத்தியதுபோல ஓட்டை தெரிந்தது. உள்ளே வளர்ந்த வண்டின் புழு தின்று முடித்து வெளியேறிய வழி. ஓட்டை இல்லாமல் மிதப்பவை காய்ந்துபோனவை. ஓக் கொட்டை ஈரம் போனால் செத்துவிடும், நெல்லைப்போல உலர்த்திப் பத்திரப்படுத்த முடியாது. நான் இதை மொழிபெயர்த்துச் சொன்னதும் அம்மா தலையாட்டினாள். "கறிவேப்பிலைப் பழமும் இதே கதைதான்னு சொல்லு. பழமா இருக்கறப்பவே போடணும், காஞ்சா முளைக்காது. வேப்பங்கொட்டையும் அப்படித்தான்." கிழவர் அம்மாவை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தார். (இப்போது 'போன்சாய் வளர்ப்புப் பெட்டி' என்று விதைப் பாக்கெட்டும் குட்டித் தொட்டியும் சேர்த்துப் பரிசுக் கடைகளில் விற்கிறார்கள். அதில் எப்போதாவது காய்ந்த ஓக் கொட்டை இருந்தால் கோலி ஆட வைத்துக்கொள்ளலாம்.)

மூழ்கிய கொட்டைகளை ஈரமான இலைமக்கில் புரட்டிப் பிளாஸ்டிக் பையில் கட்டினார். மண்ணில் நேராகப் போட்டால் எலியும் அணிலும் விடாது. இங்கே ஓடித் திரியும் சாம்பல் அணில் 1870-களில் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்டது. இந்த வகை ஓக் கொட்டை குளிருக்கு முன்பே வேர் விட்டுவிடும் என்று அதற்குத் தெரியும். முளைக்கருவைக் கொறித்து எறிந்துவிட்டுத்தான் புதைக்கும், சேமிப்பு முளைத்து வீணாகாமல் இருக்க. ஆகவே குளிர்காலம் முழுக்க ஃப்ரிட்ஜ்தான் பத்திரம். அவர் ஃப்ரிட்ஜ் சின்னது, ஒரு பை எங்கள் வீட்டுக்கு வந்தது. மறுநாள் காலை அம்மா குரல்: "என்னடி இது, ஃப்ரிட்ஜுக்குள்ள மண்ணு? கொத்தமல்லிக்குப் பக்கத்துல?"

சமையலறைத் தரையில் அம்மாவின் தனி ராஜ்யம் நடந்துகொண்டிருந்தது. மாசிக்காய், ஜாதிக்காய், கடுக்காய், சுக்கு எல்லாவற்றையும் சோறு வேகும்போது போட்டு வேகவைத்து, ரேடியேட்டர் மேல் காயவைத்திருந்தாள். ஊரில் அது முற்றத்து வெயிலில் காயும். வசம்பை விளக்கில் சுட்டுக் கரியாக்கினாள். குழந்தையைக் குளிப்பாட்டிய பிறகு ஒவ்வொன்றையும் உரைகல்லில் தாய்ப்பால் விட்டு நாலு இழைப்பு இழைத்து, சங்கில் எடுத்துப் புகட்டுவது. ஹெல்த் விசிட்டர் என்ற நர்ஸ் வீட்டுக்கு வரும் நாளில் உரைகல் அடுப்புக்கடியில் ஒளிந்துகொள்ளும். ஆறு மாதம் வரை பாலைத் தவிர வேறெதுவும் கூடாது என்பது அந்தப் பெண்மணி சொன்னது. இன்று கும்பகோணத்து டாக்டர்களும் அதையே சொல்கிறார்கள், என் தம்பி குழந்தைகளுக்கு உரை மருந்து கிடையாது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அந்த உரைகல் மட்டும் எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

நவம்பரில் ஒருநாள் கிழவர் ஓக் குச்சி ஒன்றை வேலி வழியாக நீட்டினார். குச்சியில் மூன்று பழுப்பு உருண்டைகள். குழந்தைக்கு விளையாட என்றார். அம்மா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது மாசிக்காய்ல?" என்று உள்ளே போய்த் தன் மஞ்சள் பையிலிருந்து ஒன்றை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள். அவருடையது வழவழப்பாக, எடையே இல்லாமல், ஒரு சின்னத் துளையோடு. நம்முடையது கனமாக, முண்டு முண்டாக, துளை இல்லாமல். உறவு மட்டும் மறைக்க முடியாதபடி தெரிந்தது.

அம்மா கண்டுபிடித்தது சரிதான். மாசிக்காய் காயே இல்லை. துருக்கி, சிரியா, பாரசீகப் பக்கம் வளரும் ஒருவகைக் குட்டை ஓக்கின் மொட்டில் சின்னக் குளவி ஒன்று முட்டையிடுகிறது. உள்ளே வளரும் புழுவைச் சுற்றி மரம் தன் சதையாலேயே ஓர் உருண்டையைக் கட்டுகிறது. துவர்ப்புச் சத்தான டானின் அதில் ஏராளமாகச் சேர்கிறது. குளவி துளைத்துக்கொண்டு பறந்துவிட்டால் சத்தும் குறையும், விலையும் குறையும். துளை விழுமுன் பறித்தது உயர்ந்த சரக்கு. கிழவர் தந்தது அதன் ஒன்றுவிட்ட தங்கை. துணிச் சாயத்துக்கும் மைக்கும் ஆகும் என்று 1830 வாக்கில் இங்கிலாந்துக்குள் கொண்டுவரப்பட்டது. நான் இதையெல்லாம் அன்றிரவு படித்துவிட்டு அம்மாவுக்குச் சொன்னேன்.

"அப்போ இத்தனை நாளா புள்ளைங்களுக்குக் குளவிக் கூட்டையா உரசிக் கொடுத்தோம்?"

"ஆமாம்மா. எனக்கும் சேர்த்து."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீ நல்லாத்தானே இருக்கே" என்று முடித்துவிட்டாள்.

அதே வாரம் குழந்தையின் பிறப்பைப் பதியப் போனோம். இங்கே 42 நாளுக்குள் பதிய வேண்டும். பதிவாளர் தன் மைப் பேனாவைத்தான் கையில் கொடுத்தார், பால்பாயின்ட் கூடாதாம். கையெழுத்து முதலில் நீலமாக இறங்கி, போகப்போகக் கறுக்கும் மை. இரும்பு உப்பும் டானினும் சேர்ந்து தாளுக்குள்ளேயே ஊறிக் கறுப்பது, அழிக்க முடியாது. இந்த வகை மையை நூற்றாண்டுகளாக ஓக் உருண்டைகளிலிருந்துதான் காய்ச்சினார்கள், 1215-இன் மாக்னா கார்ட்டா உட்பட அதில் எழுதியதே. கும்பகோணத்துச் சங்கிலும் கிங்ஸ்டன் பதிவேட்டிலும் ஒரே சரக்கு. குழந்தையின் அப்பாவும் அம்மாவும் வேறு வேறு சாதியானதற்கே மூக்கைச் சுளித்த எங்கள் பெரியப்பாவிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும், குழந்தைக்கு உறவு எங்கெல்லாம் இருக்கிறது என்று.

பிப்ரவரி கடைசியில் பையைத் திறந்தபோது ஃப்ரிட்ஜின் இருட்டிலேயே கொட்டைகள் முளைத்திருந்தன. மேலே தளிர் இல்லை, கீழ்நோக்கி வெள்ளை வேர் மட்டும், விரல் நீளத்துக்கு. ஓக்கின் சுபாவம் இது: முதலில் வேரை ஆழமாக இறக்கிவிட்டு, வசந்தம் வந்த பிறகு சாவகாசமாகத் தலையை நீட்டும். கிழவர் எங்கள் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, நகம் வெட்டும் கத்தரியால் ஒவ்வொரு வேரின் நுனியையும் நறுக்கினார். ஆணிவேர் நின்றால்தான் பக்கவேர்கள் கிளம்பும், பக்கவேர்கள் நாலாபுறமும் படர்ந்தால்தான் ஆழமில்லாத தொட்டியில் மரம் பிழைக்கும். குழந்தையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்குத் தாங்கவில்லை.

"ஆணிவேரையா நறுக்குறாரு? பச்சைப் புள்ளையாட்டம் இருக்கு, இப்பவேவா? வளர விடாம குட்டையா வெச்சுப் பாக்கறதுல என்ன சந்தோஷம்? வாஸ்துவுலயும் போன்சாய் வீட்டுல ஆகாதுன்னு சொல்லியிருக்கு, தெரியுமா?"

(ஆணிவேர், புலம்பெயர்ந்தவர்கள் என்றெல்லாம் இந்த இடத்தில் ஒரு கவிதை எழுத வரும். அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.)

குட்டையாக வைப்பதில் என்ன சந்தோஷம் என்ற பகுதியை மட்டும் நான் மொழிபெயர்த்தேன். கிழவர் கத்தரியைக் கீழே வைத்தார். எழுந்து போய் எங்கள் சமையலறைச் சன்னலுக்கு முன் நின்றார். அங்கே இருந்தது எங்கள் கறிவேப்பிலை. டூட்டிங்கில் வாங்கி, பல குளிர்காலம் தாண்டி, ரேடியேட்டர் சூட்டில் உயிரைப் பிடித்துக்கொண்டு, ஒரு முழம் தாண்டாமல், அடித்தண்டு மட்டும் கிழட்டுத்தனமாக முறுகி நின்றது. "இது உங்கள் ஊரில் எவ்வளவு உயரம் வளரும்?" என்று கேட்டார். எங்கள் கொல்லையில் கூரைக்கு மேல் நிற்பதைச் சொன்னேன். "இங்கே?" என்றார். "வாரத்துக்கு இரண்டு முறை யார் இதன் நுனியைக் கிள்ளுவது?"

ரசத்துக்குக் கிள்ளுவது அம்மாதான். மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. அம்மா விழுந்து விழுந்து சிரித்ததில் குழந்தை விழித்து அழுதது. அன்று மாலை அவருக்கு ஒரு பாத்திரம் ரசம் போயிற்று.

அம்மா ஊர் திரும்பிய பிறகு மே மாதத்தில் மகள் பேர் போட்ட தொட்டியில் சிவந்த தளிர் எட்டிப் பார்த்தது. கொட்டை மண்ணுக்குள்ளேயே இருந்துகொண்டு சோறு போட, தண்டு மட்டும் மேலே வந்தது. இரண்டு வசந்தம் கழித்து அதைத் தொட்டியிலிருந்து எடுத்து, தன் தோட்ட மண்ணில் ஓர் ஓடு பதித்து அதன்மேல் நட்டார். ஓடு தடுப்பதால் வேர் கீழே இறங்காமல் சக்கரம்போலப் பக்கவாட்டில் ஓடும், மண்ணில் சுதந்திரமாக வளர்வதால் அடிமரம் சீக்கிரம் பருக்கும். தொட்டியிலேயே வைத்திருந்தால் இருபது வருடமானாலும் பென்சில் பருமன்தான் என்பார். தலை மனிதன் உயரம் போனதும் ஈவிரக்கமில்லாமல் அரையடியில் வெட்டினார். என் மகள் அப்போது ஆறாவது வயதில், பள்ளியிலிருந்து வந்து பார்த்து ஒருநாள் முழுக்க அவரோடு பேசவில்லை. வெட்டின இடத்துக்குக் கீழே பழைய மரத்திலிருந்தே மொட்டுகள் வெடித்த பிறகுதான் சமாதானம்.

இந்த மரங்களில் கஷ்டமான வேலை வெட்டுவதும் வளைப்பதும் இல்லை. தண்ணீர்தான். ஆழமில்லாத தொட்டி ஜூலை வெயிலில் ஒரே நாளில் காய்ந்துவிடும். நாங்களோ லண்டன் தமிழர் எல்லோரையும்போல ஜூலைக் கடைசியில் பள்ளி விட்டதும் ஊருக்குப் பறந்துவிடுவோம். சாவி கிழவரிடம் இருக்கும், கறிவேப்பிலைக்கு அவர் பொறுப்பு. அவர் டெவனில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனால் அவர் தோட்டம் என் பொறுப்பு. பூவாளியின் வாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், மாலையில் இலை நனையாமல் எப்படி ஊற்றுவது என்று பாடம் நடக்கும். ஆகஸ்டில் ஓக் இரண்டாவது முறை துளிர்க்கும். அந்தச் செந்தளிரில்தான் சாம்பல் நோய் பிடிக்கும், மாவு தூவியதுபோல. ஒவ்வொரு வருடமும் நாங்கள் ஊரிலிருந்து திரும்பும்போது அவர் முதலில் சொல்வது அந்த நோயின் நிலவரம். நான் முதலில் கொடுப்பது முறுக்கு.

நவம்பரில் மற்ற மரங்கள் மொட்டையாகும். இளம் ஓக் தன் காய்ந்த இலையை உதிர்க்காது, குளிர் முழுக்கக் காற்றில் சலசலத்துக்கொண்டே இருக்கும். ஜப்பானில் கஷிவா என்ற ஓக்கும் இப்படித்தான், புது மொட்டு வரும்வரை பழைய இலையை விடாது. அதனாலேயே வம்சம் அறாது என்று நம்பி, மே ஐந்தாம் தேதி பிள்ளைகள் திருநாளில் அந்த இலையில் சுற்றிய கொழுக்கட்டையைத் தின்கிறார்கள். இதைப் போனில் சொன்னதும் அம்மா அடுத்த பயணத்துக்குப் பூவரசு இலை கொண்டுவரட்டுமா என்று கேட்டாள்.

மகள் மேல்நிலைப் பள்ளி போன பிறகு கிழவருக்குக் கை நடுக்கம் வந்தது. டெவன் மகள் வந்து அழைத்துப் போனாள். போகுமுன் தொட்டிகளைத் தெரிந்த போன்சாய்க்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். பிள்ளைகள் பேரில் போட்டவை அந்தந்தப் பிள்ளைகளுக்கு. பாதிப் பேர் தெருவை விட்டே போயிருந்தார்கள், விலாசம் தேடி அனுப்பினார். தபால்காரர் அல்லவா. எங்களுடையதை அந்த மார்ச்சில் அவரே உட்கார்ந்து மேற்பார்வை பார்க்க, என் கணவரும் மகளும் மண்ணிலிருந்து கிளப்பினார்கள். ஓட்டின் மேல் வேர்கள் அவர் சொன்னபடியே சக்கரமாகப் படிந்திருந்தன.

இப்போது அந்த அடிமரம் என் மணிக்கட்டைவிடப் பருமன். பட்டை கீழிருந்து வெடிக்கத் தொடங்கிவிட்டது, இலையும் வருடத்துக்கு வருடம் சிறுக்கிறது. மகள் மான்செஸ்டரில் படிக்கிறாள். இடப்பக்கத் தாழ்ந்த கிளையை எடுத்துவிடலாம் என்பது என் கட்சி; கிழவர் அதைக் காரணத்தோடுதான் விட்டுவைத்தார் என்பது அவள் கட்சி. வீடியோவில் மரத்தைக் காட்டினால் அம்மா இரண்டு பேரையும் விட்டுவிட்டு, "இதுல மாசிக்காய் எப்போ காய்க்கும்?" என்று கேட்பாள். இங்கே காய்ப்பது அது இல்லை, கொட்டையே கூட மண்ணில் நிற்கும் ஓக்குக்கு நாற்பது வயது வாக்கில்தான் என்று பேத்தி விளக்குவாள். "அதுக்கென்ன, இருக்கட்டும்" என்பாள் அம்மா.

கிழவரின் பாதியில் இப்போது இளம் தம்பதி ஒன்று குடியிருக்கிறது. இந்த ஜூலையில் நாங்கள் ஊருக்குக் கிளம்புமுன் அந்தப் பையன் சாவி வாங்க வந்தான். இரண்டு தொட்டிகளையும் பின்வாசலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதற்கு எத்தனை தண்ணீர் என்று மகள் சொல்லிக்கொண்டிருந்தாள். இதில் எது போன்சாய் என்று கேட்டான். அவள் யோசிக்காமல் கறிவேப்பிலையைக் காட்டினாள். அவனும் அப்படியே குறித்துக்கொண்டு போய்விட்டான்.